ஆடியவர் பாபி... பாடியவர்?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. வெயிலுக்குப் பயந்து ஹாலில் ஃபேனுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். கண் சொக்கும் நேரத்தில் அக்கா மகன் செல்போனை மூக்குக்கு நேரே நீட்டினான். காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறான்.

"மாமா, இதைப் பாருங்களேன். இந்த மனுஷன் என்னா ஆட்டம் ஆடுறாரு!"

பார்த்தேன். நெஞ்சைத் திறந்து போட்ட பளபளச் சட்டை. தலையில் குடை விரித்த மாதிரி சுருட்டை முடி. காலை உதறி, சுழன்று, முட்டி போட்டு எழுந்து, பம்பரம் தோற்றுப்போகும். பின்னால் மூன்று பெண்கள் ஒரே சீராக அசைகிறார்கள். பாட்டு 'ரஸ்புடின்'.

"போனி எம்டா இது. எங்க காலத்துப் பாட்டு."

"நீங்க இதெல்லாம் கேட்பீங்களா?" என்று அவன் கேட்ட தோரணையில் எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில், காலி கேசட்டும் பாட்டு லிஸ்ட்டுமாக ரெக்கார்டிங் சென்டர் வாசலில் நின்றவன் நான். ஏ சைடில் 'பயணங்கள் முடிவதில்லை', பி சைடில் போனி எம். இங்கிலீஷ் வார்த்தை பாதி புரியாது. புரியாவிட்டால் என்ன, தாளம் புரிந்தது.

"அந்தக் கட்டைக் குரல் வருது பாருங்க... இவருக்குச் செம வாய்ஸ் மாமா!"

"அது அவர் குரல் இல்லடா."

எழுந்து உட்கார்ந்துவிட்டான். "அப்போ யாரு?"

"ஜெர்மனிக்காரர் ஒருத்தர். வெள்ளைக்காரர். பாட வர்றதுக்கு முன்னாடி சமையல் வேலை கத்துக்கிட்டவர்."

அன்று மதியம் எனக்குத் தூக்கம் போயிற்று. உங்களுக்கு இந்த வாரப் பத்தி கிடைத்தது.

அந்த ஜெர்மனிக்காரர் பெயர் ஃப்ராங்க் ஃபாரியன். 1941-ல் பிறந்தவர். ஜெர்மன் மொழியில் மெல்லிசைப் பாட்டுகள் பாடிக்கொண்டிருந்தார். சுமாராகத்தான் போய்க்கொண்டிருந்தது பிழைப்பு. 70-களின் நடுவில் ஐரோப்பா முழுக்க டிஸ்கோ கிளப்புகள் முளைத்தன. அங்கே எடுபட்டது அமெரிக்கக் கறுப்பின இசை. ஃபாரியனுக்கு அந்த இசையின் மேல் பைத்தியம். ஆனால், தலை வாரி, கோட்டு போட்டுக்கொண்டு காதல் பாட்டு பாடும் ஒரு ஜெர்மனிக்காரரை டிஸ்கோ மேடையில் யார் ஏற்றுக்கொள்வார்கள்?

ஒரு காரியம் செய்தார். ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்து, 'பேபி டு யு வான்னா பம்ப்' என்று ஒரு பாட்டைப் பதிவு செய்தார். பாதாளத்தில் இருந்து வருகிற மாதிரிக் கட்டைக் குரலும் அவரே. பெண் குரல் மாதிரி உச்சத்தில் கீச்சிடுவதும் அவரே. ஒரு குரல் மேல் இன்னொரு குரலாக டேப்பில் அடுக்கி, ஒரே ஆள் ஒரு கோஷ்டி ஆகிவிட்டார். ரெக்கார்டில் தன் பெயரைப் போடவில்லை. டி.வி-யில் 'போனி' என்று ஓர் ஆஸ்திரேலியத் துப்பறியும் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரை எடுத்து, ஓசைக்காகக் கூடவே ஒரு 'எம்' சேர்த்துக்கொண்டார். அந்த 'எம்' என்றால் என்ன என்று எங்கள் பள்ளியில் பந்தயமே கட்டினோம். ஒன்றுமே இல்லை. அவ்வளவுதான்!

பாட்டு ஹாலந்திலும் பெல்ஜியத்திலும் ஹிட். கிளப்புகளில் இருந்தும் டி.வி-யில் இருந்தும் அழைப்பு: 'போனி எம்மை அனுப்பிவையுங்கள்.' அனுப்ப ஆள் ஏது? இல்லாத குழுவுக்கு ஆள் தேடக் கிளம்பினார் ஃபாரியன்.

கிடைத்த நான்கு பேரும் கரீபியன் தீவுகளில் பிறந்தவர்கள். லிஸ் மிட்செல், மார்சியா பாரெட் இருவரும் ஜமைக்காவில் பிறந்து, சிறுமிகளாக இங்கிலாந்துக்கு வந்தவர்கள். மெய்சி வில்லியம்ஸ் மான்ட்செராட் தீவில் பிறந்து பர்மிங்ஹாமில் வளர்ந்தவர், மாடலிங் செய்துகொண்டிருந்தார். நான்காவது ஆள் பாபி ஃபேரல். அரூபா தீவு. 15 வயதில் ஊரை விட்டுக் கிளம்பிக் கப்பலில் வேலை பார்த்து, நார்வே, ஹாலந்து என்று சுற்றி, கடைசியில் ஜெர்மனியில் டிஸ்க் ஜாக்கியாக நின்றவர். ரெக்கார்டு போட வந்த இடத்தில் ஆடிக் காட்டிக் கூட்டத்தை மயக்குகிற ஆள்.

லிஸ் கடைசியாக வந்து சேர்ந்தவர். அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்த கிளாடியா பேரி என்ற பாடகி, டேப்புக்கு வாயசைத்துக்கொண்டே இருப்பது அலுத்துப்போய் விலகிவிட்டார். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முதல் வருஷத்திலேயே உறுத்தியதுதான் கடைசி வரை இந்தக் குழுவின் தலைவலி.

ஸ்டூடியோவில் ஃபாரியன் எல்லோரையும் பாடவைத்துப் பார்த்தார். லிஸ் குரலில் தேன். மார்சியா குரலில் நெருப்பு. மெய்சி, பாபி இருவரின் குரலும் தன் பாட்டுகளுக்குப் பொருந்தவில்லை என்று முடிவு கட்டினார். அதனால் ரெக்கார்டில் பெண் குரல்கள் லிஸ்ஸும் மார்சியாவும். ஆண் குரல் ஃபாரியன். மேடையிலும் டி.வி-யிலும் நான்கு முகங்கள். ஃபாரியன் குரலுக்குப் பாபி வாயசைப்பார், ஆடுவார்.

1976-ல் 'டாடி கூல்' வந்தது. பாட்டின் தொடக்கத்தில் டிக்... டிக்... என்று ஒரு சத்தம் வருமே, அது பென்சிலால் ஃபாரியன் தன் பல்லில் தட்டிய சத்தம் என்று சொல்வார்கள். 'மியூசிக்லாடன்' என்ற ஜெர்மன் டி.வி. நிகழ்ச்சியில் குழு ஆடிக் காட்டிய பிறகு பாட்டு ஜெர்மனியில் நம்பர் 1. பிரிட்டனில் ஆறாவது இடம். வேடிக்கை என்ன தெரியுமா? அதே வருஷம்தான் ஃபாரியன் சொந்தப் பெயரில், சொந்த முகத்தில் பாடிய 'ராக்கி' என்ற சோகப் பாட்டும் ஜெர்மனியில் முதல் இடம் பிடித்தது. ஒரே தொண்டை. ஒரு பக்கம் அழுத்தமான ஜெர்மன் கண்ணீர். இன்னொரு பக்கம் பாபியின் ஆட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு டிஸ்கோ. பாபி சிரித்ததைத்தான் உலகம் பார்த்தது.

இந்த இடத்தில் அக்கா மகன் குறுக்கிட்டான். "அப்போ ஃபிராடுதானே மாமா?"

என்ன பதில் சொல்வது? எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம்.எஸ். பாடினார். வாயசைப்பைக் குற்றம் என்று சொன்னால் நம் சினிமாவில் பாதிப் பேரை ஜெயிலில் போட வேண்டியிருக்கும். வாயசைப்பு நமக்கு ஒரு கலை. டி.எம்.எஸ். குரலுக்குச் சிவாஜி கன்னத் தசை ஆடும், கழுத்து நரம்பு புடைக்கும். யாரும் ஏமாறவில்லை. ஏன் என்றால், எல்லோருக்கும் தெரியும். ரேடியோவில் பாட்டு போடும் முன் அறிவிப்பாளர் நிறுத்தி நிதானமாகச் சொல்வார்: படம் இன்னது, பாடியவர்கள் இன்னார். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரலே காதில் ஒலிக்கும். இரண்டாம் கிளாஸ் படிக்கும் பிள்ளைக்குக்கூட சுசீலா யார், ஜானகி யார் என்று தெரியும்.

அங்கே அந்த ஒரு வரி அறிவிப்பு வரவில்லை. வாயசைத்தது எனக்குத் தப்பாகப் படவில்லை. பெயரைச் சொல்லாமல் விட்டதுதான் உறுத்துகிறது. இதை நான் சொன்னதும், "நம்ம ஊர்ல அனவுன்சர் இருந்தாரு, அங்க இல்ல. அவ்ளோதானே?" என்றான். இத்தனை சுருக்கமாக எனக்கு வராது.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். விஷயம் ரொம்ப நாள் மூடி வைக்கப்படவில்லை. 1978 வாக்கிலேயே ஃபாரியன் பத்திரிகைகளிடம் ஒப்புக்கொண்டார். 1979-ல் வந்த 'ஓஷன்ஸ் ஆஃப் ஃபேன்டஸி' ஆல்பத்தின் உறையில் பாடியவர்கள் பெயர்களும் அச்சாகின. அப்போது ஐரோப்பா பெரிதாகக் கோபப்படவில்லை. கச்சேரிகளில் நான்கு பேருமே மைக் பிடித்துப் பாடத்தான் செய்தார்கள். ஆனால் பாளையங்கோட்டையில் ஆல்பம் உறையை யார் கண்டது? எங்களுக்கு வந்தது ரெக்கார்டிங் சென்டர்காரர் பால்பாயின்ட் பேனாவால் பாட்டுப் பெயர் எழுதிய அட்டை.

வரிசையாக ஹிட்டுகள். 'சன்னி' ஒரு பழைய அமெரிக்கப் பாட்டின் புது அவதாரம். 'மா பேக்கர்', அமெரிக்காவில் பிள்ளைகளோடு கொள்ளையடித்ததாகச் சொல்லப்படும் ஒரு அம்மாவின் கதை. அந்தம்மாவின் உண்மைப் பெயர் பார்க்கர்; நாக்கில் உருள்வதற்காக 'பேக்கர்' ஆக்கிவிட்டார்கள். மெட்டு துனிசியாவின் ஒரு நாட்டுப்பாட்டில் இருந்து வந்தது. 'பெல்ஃபாஸ்ட்' மட்டும் வேறு ஜாதி. வட அயர்லாந்தில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்த ஊர் பெயரிலேயே ஒரு ஆட்டப் பாட்டு. அதில் மார்சியாதான் முன்னால் நின்று பாடுகிறார். போனி எம் என்றாலே லிஸ் என்று நினைப்பவர்கள் இதை ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

1978-தான் உச்சம். அந்த வருஷம் வந்தது 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்'.

இது அவர்கள் எழுதிய பாட்டு இல்லை. ஜமைக்காவைச் சேர்ந்த 'மெலோடியன்ஸ்' என்ற மூவர் குழு 1970-ல் பாடியது. அதற்கும் மூலம், பைபிளின் 137-ம் சங்கீதம். ஜெருசலேம் விழுந்து, அங்கிருந்த யூதர்களைப் பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துப் போகிறார்கள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து சொந்த ஊரை நினைத்து அழுகிறார்கள். பிடித்துப் போனவர்களோ, உங்க ஊர்ப் பாட்டு ஒண்ணு பாடுங்க என்று கேட்கிறார்கள். அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது? இதுதான் அந்தச் சங்கீதத்தின் வலி. ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, ஜமைக்காவின் ராஸ்தஃபாரிகளுக்கு, அது சொந்தக் கதை. தங்களை நசுக்கும் அதிகாரம் அத்தனைக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'பாபிலோன்'.

போனி எம் பதிவில் ராஸ்தஃபாரிச் சொற்களை மாற்றி, எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். பாட்டு மழுங்கிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் மெலோடியன்ஸ் பாடியதுதான் பிடிக்கும். ஆனால், ஜமைக்காவில் இருந்து லண்டனுக்கு வந்து, அங்கிருந்து ஜெர்மனிக்கு வந்து, ஒரு ஜெர்மனிக்காரர் சொன்னபடி மைக் முன்னால் நின்று அந்தப் பாட்டைப் பாடிய லிஸ்ஸின் குரலில் ஏதோ ஒன்று மழுங்காமல் நிற்கிறது. துபாயில் ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்த என் நண்பன் ஒருவனுக்கு ஒரு வார்த்தை புரியாமல் அந்தப் பாட்டில் கண் கலங்கும். அவனிடம் சங்கீதக் கதையைச் சொன்னேன். "அதான் பார்த்தேன்" என்றான்.

பிரிட்டனில் ஐந்து வாரம் நம்பர் 1. அதன்பின் மெல்ல இறங்கி 20-வது இடத்துக்கு வந்தபோது, யாரோ ரெக்கார்டைத் திருப்பிப் போட்டார்கள். மறுபக்கத்தில் 'பிரவுன் கேர்ள் இன் த ரிங்'. நம் ஊர்ச் சிறுமிகள் வட்டமாக நின்று கும்மி கொட்டுவது போல, ஜமைக்காவில் பிள்ளைகள் வட்டம் கட்டி, நடுவில் ஒருத்தியை ஆடவிட்டுப் பாடும் விளையாட்டுப் பாட்டு. ரேடியோக்காரர்கள் அதைப் போட ஆரம்பிக்க, அதே ரெக்கார்டு மறுபடி ஏறி இரண்டாம் இடத்துக்கு வந்தது. பிரிட்டனில் மட்டும் சுமார் 20 லட்சம் பிரதிகள். அந்த டிசம்பரிலேயே 'மேரீஸ் பாய் சைல்ட்' கிறிஸ்துமஸ் நம்பர் 1. அது முன்பு ஹாரி பெலஃபான்டே பாடிப் புகழடைந்த பாட்டு. இன்றும் டிசம்பர் வந்தால் துணிக்கடையில், பேக்கரியில், தேவாலய வாசல் ஸ்பீக்கரில் லிஸ் குரல் வந்துவிடும். தூத்துக்குடியில் ஒரு பேக்கரிக்காரர் பிளம் கேக் கட்டிக்கொடுத்துக்கொண்டே முணுமுணுத்ததை நானே கேட்டிருக்கிறேன். யார் பாடியது என்று கேட்டேன். "கிறிஸ்துமஸ் பாட்டு சார்" என்றார்.

இனி 'ரஸ்புடின்'. ரஷ்யாவின் கடைசி மன்னர் இரண்டாம் நிக்கோலஸின் அரண்மனைக்குள் செல்வாக்கோடு நடமாடிய சாமியார் கிரிகோரி ரஸ்புடின். இளவரசனின் நோயைக் குணப்படுத்துவார் என்று அரசி நம்பினார். ஊர் வேறு மாதிரிப் பேசியது. 1916 டிசம்பரில் பிரபுக்கள் சிலர் சேர்ந்து கொன்றுவிட்டார்கள். இந்தச் சரித்திரத்தை மசாலா தூவி டிஸ்கோ ஆக்கினால் எப்படி இருக்கும்? அதுதான் பாட்டு. பரீட்சைக்கு இதை நம்பி எழுதாதீர்கள். ஆனால் பாபியைப் பாருங்கள். தாடி வைத்த சாமியார், அரண்மனை, பனி, எல்லாவற்றையும் இரண்டு கால்களில் காட்டிவிடுகிறார். சிவாஜிக்கு டி.எம்.எஸ். எப்படியோ, ஃபாரியன் குரலுக்குப் பாபி அப்படி. குரலுக்கு உடம்பு கொடுப்பதும் உழைப்புதானே.

1978 டிசம்பரில் போனி எம் மாஸ்கோ போனது. பனிப்போர் காலம். மேற்கத்திய பாப் குழு சோவியத் மேடையில் ஏறுவது அபூர்வம். ரோசியா அரங்கில் 10 கச்சேரிகள். செஞ்சதுக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லாப் பாட்டும் பாடினார்கள், 'ரஸ்புடினை'த் தவிர. அதைப் பாடக் கூடாது என்று உத்தரவு. ரஷ்யாவைப் பற்றிய பாட்டை ரஷ்யாவில் பாட முடியவில்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். திரும்ப வருவோம்.

எந்த ஹிட்டுக்கும் ஆயுசு உண்டு. 1979-ல் 'எல் லூதே', 'ஹுரே ஹுரே', 'காட்டா கோ ஹோம்' என்று ஓடியது. 80-கள் பிறந்ததும் டிஸ்கோ மவுசு குறைந்தது. பாபிக்கும் ஃபாரியனுக்கும் உரசல். கடிகாரம் பார்க்கும் ஆள் இல்லை பாபி. வேறு யாருடைய தொண்டைக்கோ எத்தனை நாள் வாயசைப்பது என்ற புழுக்கம் வேறு. 1981-ல் பாபி வெளியேற்றப்பட்டார். அவர் இடத்துக்கு ரெஜி சிபோ வந்தார். இவருக்கு நிஜமாகவே பாட வரும். ஆனாலும் ஜனம் கேட்டது பாபி எங்கே என்றுதான்! பாடத் தெரியாதவர் என்று ஒதுக்கிய ஆள் போனதும் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. சில வருஷம் கழித்துப் பாபி திரும்ப வந்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1986-ல், பத்து வருஷக் கணக்கோடு, குழு கலைந்தது.

ஃபாரியன் சும்மா இருக்கவில்லை. 1988-ல் அதே சமையல், வேறு பாத்திரம். ராப் பிலாட்டஸ், ஃபேப் மோர்வன் என்று இரண்டு அழகான இளைஞர்கள். பெயர் 'மில்லி வனில்லி'. பாடியது வேறு ஆட்கள். இந்த முறை வியாபாரம் அமெரிக்காவிலும் சூடு பிடித்து, 1990 பிப்ரவரியில் கிராமி விருதே கொடுத்துவிட்டார்கள். அந்த நவம்பரில் குட்டு உடைந்தது. விருது திரும்பப் பெறப்பட்டது. கேலி, கோபம் எல்லாம் அந்த இரண்டு பையன்கள் தலையில் விழுந்தது. ராப் 1998-ல் 32 வயதில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்துகிடந்தார். ஃபாரியன் தொழிலைத் தொடர்ந்தார். பாபி விஷயத்தில் சிரித்துக்கொண்டே கதை சொன்ன எனக்கு, இந்த இடத்தில் குரல் இறங்கிவிட்டது. அக்கா மகனும் போனைக் கீழே வைத்துவிட்டான்.

முகம் கொடுத்தவர்களுக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி. கேசட் ஒவ்வொன்றும் விற்கும்போது பாட்டு எழுதியவருக்கு ஒரு பங்கு, தயாரித்தவருக்கு ஒரு பங்கு, பாடியவருக்கு ஒரு பங்கு. ஆடியவருக்கு அதில் தனிப் பங்கு கிடையாது. அவருக்கு மேடைதான் சோறு. அதனால் குழு கலைந்த பின் லிஸ் ஒரு போனி எம்மை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். மெய்சி ஒரு போனி எம். பாபி ஒரு போனி எம். ஒரே நேரத்தில் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு போனி எம்கள்! பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்குகள் வேறு. நம் ஊர் அல்வாக் கடைகளில் 'ஒரிஜினல்' என்று பலகை மாட்டுவது போலத்தான். நிஜமாக ஒரிஜினல் யார்? குரல் என்றால் லிஸ். அந்தக் கட்டைக் குரல் என்றால் ஃபாரியன். கண்ணை மூடிப் போனி எம் என்று நினைத்தால் வந்து நிற்பது மட்டும் எனக்கு எப்போதும் பாபிதான்.

பாபி கடைசி வரை ஆடிக்கொண்டே இருந்தார். முட்டி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் மேடை ஏறினார். 2010 டிசம்பர் மாதம். ஒரு நிகழ்ச்சிக்காக ரஷ்யா போனார். சோவியத் போய் 19 வருஷம் ஆகியிருந்தது. 'ரஸ்புடினு'க்கு இப்போது தடை ஏதும் இல்லை. நிகழ்ச்சி முடிந்து ஹோட்டலுக்குத் திரும்பினார். மறுநாள் காலை அறைக் கதவு திறக்கவில்லை. இறந்துகிடந்தார். வயது 61.

ஊர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க். தேதி, டிசம்பர் 30. ரஸ்புடின் கொல்லப்பட்டதும் அதே ஊர், இன்றைய காலண்டர்படி அதே டிசம்பர் 30. நான் ஜாதகம் பார்க்கிறவன் இல்லை. இருந்தாலும் இதை முதன்முதலில் படித்தபோது கையில் இருந்த காபி ஆறிப்போனது.

2021-ல் மெஜஸ்டிக் என்ற பிரிட்டிஷ் டி.ஜே. 'ரஸ்புடினை'ப் புதுத் தாளத்தில் போட்டார். வெளிநாட்டில் டிக்டாக், நம் ஊரில் ரீல்ஸ் என்று மறுபடியும் ஒரு சுற்று. பாபி இறந்தபோது தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் இப்போது அவர் ஆட்டத்தைப் பழகுகிறார்கள். ஃபாரியன் 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமியில் இறந்தார். வயது 82. அப்போது வந்த செய்திகள் பலவற்றில் போட்டிருந்த படம் பாபியும் மூன்று பெண்களும் நிற்கும் படம்தான்.

மணி நாலரை ஆகிவிட்டது. அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். "அப்படி என்னதான்டா பேசிட்டு இருக்கீங்க மாமனும் மருமகனும்?" என்று கேட்டுவிட்டு, போனில் ஓடிய பாட்டைக் கேட்டதும் நின்றாள். "இது நீ பத்தாவது பரீட்சை நேரத்துல டேப்புல போட்டு அப்பாகிட்ட அடி வாங்கின பாட்டுல்ல?" அடி வாங்கியது 'டாடி கூல்' பாட்டுக்கு. திருத்தவில்லை. மருமகன் முன்னால் எதற்கு.

அன்று இரவு அவன் அந்த வீடியோவைத் தன் பக்கத்தில் மறுபடி போட்டிருந்தான். கீழே தமிழிலேயே எழுதியிருந்தான்: 'ஆட்டம்: பாபி ஃபேரல். கூட ஆடுபவர்: மெய்சி வில்லியம்ஸ். பாடியவர்கள்: லிஸ் மிட்செல், மார்சியா பாரெட், ஃப்ராங்க் ஃபாரியன்.'

முதல் கமென்ட் அவன் நண்பன் ஒருவனிடம் இருந்து வந்திருந்தது: 'மச்சி, யாருடா லிஸ்?'